பழைய சத்தம்

சலவைக்கூடத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எட்டுவரி என்றால்தான் தெரியும். அவள் எழுதுவதெல்லாம் எட்டே வரி. முதல் வரி மூன்று இடத்தில் வரும், இரண்டாவது வரி கடைசியில் திரும்ப வந்து உட்காரும். "அஞ்சு வரி எழுதிட்டு எட்டு வரின்னு ஊரை ஏமாத்துறா" என்று மடிப்பு மேசையில் எதிரே நிற்கும் பருமனான சிநேகிதி கிண்டல் செய்வாள். ஆனால் முதலில் மனப்பாடம் செய்வதும் அவள்தான்.

கவிதைக்குப் பொருளும் எப்போதும் ஒன்றுதான்: சொல். சொல் ஆளைத் தூக்கி நிறுத்தும், சொல் ஆளைச் சாய்க்கும், வாயை விட்டுப் போனது வாசலோடு நிற்காது என்று இதே பாட்டு. துவைத்த துணிக்கு மாட்டும் அட்டையின் பின்பக்கத்தில் எழுதி, மேசைக்கு மேலே ஊசியால் குத்தி வைப்பாள்.

அங்கே கவிதை வேலைக்கும் உதவியது. ஆஸ்பத்திரி விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. இந்த முனையில் ஒருத்தி, அந்த முனையில் ஒருத்தி. ஒருத்தி வரியின் முதல் பாதியைச் சொல்லிக்கொண்டே நடந்து வருவாள். மற்றவள் மீதியைச் சொல்லி முனையை வாங்கிக்கொள்வாள். நாளுக்கு ஆயிரம் விரிப்பு மடிந்தால், வரி எத்தனை தடவை திரும்பும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு நாளில் கூடத்தில் இருக்கும் நாற்பது பேரின் வாயிலும் அது ஊறிவிடும்.

கூடத்தின் பின்சுவருக்கு அப்பால் பாய்லர் அறை. அதைப் பார்த்துக்கொள்பவன் அவள் தம்பி. அம்மா அப்பா போனபிறகு அவள் தோளில் போட்டு வளர்த்த பிள்ளை. இப்போது ஆறடி வளர்ந்தும் டிபன் பாக்ஸில் என்ன இருக்கிறது என்று அக்காவிடம்தான் கேட்பான்.

ஒருநாள் பாய்லரிலிருந்து ஒரு முனகல் வர ஆரம்பித்தது. சுவர் ஓரத்தில் இஸ்திரி போடும் மூன்று பெண்கள் அங்கே நிற்கமாட்டோம் என்று நகர்ந்துவிட்டார்கள். தம்பி மேனேஜரிடம் போய், அணைத்துப் பிரித்துப் பார்க்க வேண்டும், இரண்டு நாள் ஆகும் என்றான். மேனேஜர் அவனுக்குப் பதில் சொல்லவில்லை. அக்காவைக் கூப்பிட்டனுப்பினார்.

"வாங்க கவிஞரே" என்றார். பதினோரு வருடத்தில் அவர் அவளை 'வாங்க' என்று சொன்னது அதுதான் முதல்முறை. "பாய்லருக்கும் வயசாச்சு, முனகத்தான் செய்யும். இதுங்க சும்மா பயந்து சாகுதுங்க. நான் சொன்னா ஏறாது, நீங்க சொன்னா ஏறும். எட்டு வரி எழுதிக் குடுங்க, சுவத்துலயே பெயிண்ட்ல எழுதி வச்சிடறேன்."

சுவரில், பெயிண்டில். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்து சோறு வடிக்கும்போதே முதல் வரி வந்துவிட்டது. தம்பியிடம் சொல்லிக் காட்டினாள்.

அவன் கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தான். "அக்கா, அது பழைய சத்தம் இல்லக்கா. வந்து ஒன்பது நாள்தான் ஆகுது. புதுசு."

"தெரியும்டா. புதிய சத்தம்னு போட்டா எவனாவது தைரியமா இருப்பானா? 'பழைய'ன்னு சொன்னாத்தான் மனசு அடங்குது, வரியும் நிக்குது."

"வரி நிக்கும். பாய்லர் நிக்கணுமே."

"போடா, பெரிய இன்ஜினியர்" என்று அவன் தலையில் குட்டினாள். அவன் சிரித்தான், ஆனால் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. அதை அவள் பார்த்தாள். பார்த்தும் மீதி வரிகளைத் தேடப் போய்விட்டாள்.

மறுவாரம் வாசல்பக்கச் சுவரில் நீல எழுத்தில் அது ஏறியது:

அது பழைய சத்தம், பயம் எதற்கு?
கை இருக்கும் இடத்தில் மனமும் இருக்கட்டும்.
சுவருக்குப் பின்னால் எது முனகினாலும்
அது பழைய சத்தம், பயம் எதற்கு?
நல்ல சொல் ஒன்று துணைக்கு இருக்க
நடுங்கிச் சாக இங்கே என்ன இருக்கிறது?
அது பழைய சத்தம், பயம் எதற்கு?
கை இருக்கும் இடத்தில் மனமும் இருக்கட்டும்.

அவள் எழுதியதிலேயே கூடத்துக்கு அதுதான் அதிகம் பிடித்துப்போனது. நகர்ந்து போன மூவரும் சுவரோரம் திரும்பி வந்தார்கள். நாலே நாளில் அது விளையாட்டாகவும் ஆகிவிட்டது. யார் வாயிலாவது 'சத்தம்' என்ற சொல் வந்தால் போதும், கூடம் முழுக்க "பயம் எதற்கு?" என்று ஒரே குரலில் கத்தும். "ரேடியோ சத்தத்தைக் குறை" என்று ஒருத்தி சொல்லிவிட்டு, நாற்பது பேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அவளும் சேர்ந்து சிரித்தாள். தம்பி வெளியே தலைகாட்டினாலும் இதே கத்தல்தான், பயந்தாங்கொள்ளி என்று பட்டம் வேறு. அவன் மேனேஜரிடம் போவதை நிறுத்தினான். பிறகு காதில் பஞ்சு வைத்துக்கொள்ள ஆரம்பித்தான். எட்டுவரிக்குப் பெருமையாக இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும், மறைத்து என்ன ஆகப்போகிறது.

அன்று மதியம், சாப்பாட்டு மணிக்குச் சற்று முன்னால், விரிப்பின் முனையைப் பிடித்தபடி நின்றவளுக்கு முனகலுக்கு அடியில் வேறொன்று கேட்டது. டொக், டொக் என்று, பூட்டிய அறைக்குள் யாரோ மாட்டிக்கொண்டு கதவைத் தட்டுவது போல. எதிரே சிநேகிதி "அது பழைய..." என்று ஆரம்பித்து நடந்து வந்தாள். எட்டுவரி விரிப்பைக் கீழே போட்டுவிட்டுப் பாய்லர் அறைக்கு ஓடினாள்.

தம்பி வாசல்பக்கம் திரும்பி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். அவளே அவன் காதிலிருந்த பஞ்சைப் பிடுங்கினாள்.

"கேளுடா. தட்டுது."

"பழைய சத்தம்தானேக்கா" என்று சிரித்தான். அப்புறம் காதுகொடுத்துக் கேட்டான். ஸ்டூல் சாய எழுந்தான். "எல்லாரையும் வெளிய கூட்டிட்டுப் போக்கா. நான் தீய அணைச்சுட்டு வந்துடறேன்."

"நீயும் வாடா!"

"அணைக்காம வந்தா இந்தக் கட்டடமே இருக்காது. போக்கா."

அவள் கூடத்துக்கு ஓடி வந்து மடிப்பு மேசைமேல் ஏறி நின்றாள். இயந்திரங்களின் இரைச்சலை மீறிக் கத்தினாள். "எல்லாரும் வெளிய போங்க! உள்ள சத்தம்..."

"பயம் எதற்கு?" என்றது கூடம்.

"ஐயோ, விளையாடாதீங்க! அந்தச் சத்தம் மாறி..."

"பயம் எதற்கு?" இந்தத் தடவை கைதட்டலும் சேர்ந்துகொண்டது. எட்டுவரி மேசை ஏறிப் பாட்டுச் சொல்கிறாள், சாப்பாட்டுக்கு முன்னால் நல்ல வேடிக்கை என்று அவர்கள் நினைத்தார்கள். சிநேகிதி கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது முறை கூப்பிட அவளுக்கு வாய் வரவில்லை. மேசையிலிருந்து குதித்து, தூணில் இருந்த மெயின் ஸ்விட்சை இரண்டு கையாலும் இழுத்து இறக்கினாள்.

எல்லா இயந்திரமும் நின்றது. அந்த அமைதியில் நாற்பது பேரும் அதைக் கேட்டார்கள். டொக், டொக், டொக். வாசலை நோக்கி ஓடினார்கள். சிநேகிதி அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனாள்.

முற்றத்தில் மேனேஜர் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தபோது பின்சுவர் வெடித்துச் சரிந்தது. மூன்று பெண்கள் நின்று இஸ்திரி போடும் இடத்தில் செங்கல் குவிந்து கிடந்தது. தீயை அணைத்துவிட்டு ஓடி வந்த தம்பியை அதற்கு அடியிலிருந்துதான் தூக்கினார்கள். வாசல்பக்கச் சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த நீல எழுத்துகளைத் தாண்டித்தான் அவனை வெளியே கொண்டுவந்தார்கள்.

உயிர் இருந்தது. தீயை அணைத்ததால்தான் இவ்வளவோடு போயிற்று என்றார்கள். கையும் மார்பும் வெந்திருந்தன. இரண்டு காதும் போய்விட்டது, இனி வராது என்று டாக்டர் சொன்னார்.

மூன்றாம் நாள் மேனேஜர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அவளைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போய்க் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "புது பாய்லர் வருது கவிஞரே. ஆளுங்கதான் உள்ள வர மாட்டேங்கிறாங்க. நீங்க மனசு வச்சு..." என்று ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் நீட்டினார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். இரண்டையும் வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள்.

தம்பி கண் விழித்திருந்தான். தன் குரல் தனக்கே கேட்காததால் உரக்கக் கேட்டான். "அக்கா, சத்தம் நின்னுடுச்சா?"

வார்டே திரும்பிப் பார்த்தது. கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்ற சிநேகிதியின் வாய் பழக்கத்தில் திறந்தது. சட்டென்று முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

எட்டுவரி தாளில் எழுதி அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். 'நீ சொன்னாய். நான் கேட்கவில்லை.'

அவன் படித்தான். மருந்து மயக்கத்தில் அவனுக்கு அது பிடிபடவில்லை. "சத்தம் நின்னுடுச்சாக்கா?" என்று திரும்பவும் கேட்டான்.

அவள் அதன் கீழே அதே வரியை எழுதினாள். மூன்றாம் முறை அவன் கேட்கவில்லை, தூங்கிவிட்டான். அவள் இன்னும் எழுதிக்கொண்டிருந்தாள்.