கண் திறந்திருக்க நியமிக்கப்பட்டவன்

காலை எட்டு ஐம்பதுக்கு அறுநூற்றுச் சொச்சம் பேர் என் முன்னால் கண்ணை மூடினார்கள். மேடையில், கையில் ஒரு நோட்டும் கழுத்தில் ஒரு ஸ்டாப்வாட்சுமாக நான் மட்டும் கண்ணைத் திறந்துகொண்டு நின்றேன். அது என் வேலை. எழுத்து மூலமாகக் கொடுக்கப்பட்ட வேலை. 'மேற்படி அறுபது நொடிகளும் இமைகளைத் திறந்த நிலையில் வைத்திருந்து, மூடாதோர் பெயர்களைப் பதிவு செய்யவும்' என்று ஹெட்மாஸ்டர் கையெழுத்துப் போட்ட தாள் என் சட்டைப் பையில் இருந்தது. நடுவில் இமைக்கலாமா என்று கேட்டிருந்தேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

ஹெட்மாஸ்டருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் சுற்றறிக்கை. தாகம் எடுத்தால்கூட 'தண்ணீர் தேவைப்படுகிறது' என்று சுவரைப் பார்த்துச் சொல்வார், யாராவது கொண்டுவருவார்கள். நான் கல்லூரியில் கடைசி வருடம். ஆசிரியர் பயிற்சிக்காக மூன்று மாதம் இந்த அரசுப் பள்ளியில் போட்டிருந்தார்கள். என் அக்கா இங்கேதான் ஒன்றாம் வகுப்பு டீச்சர். ஏழு வருடமாகத் தற்காலிகம். இந்த வருடம்தான் நிரந்தரமாக்கும் பட்டியலில் அவள் பெயர் வந்திருந்தது. ஹெட்மாஸ்டரின் பரிந்துரைக் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

இந்த அறுபது நொடிக்கு ஒரு வரலாறு உண்டு. பள்ளியில் காலங்காலமாக ஒரு பிரார்த்தனைப் பாட்டு இருந்தது. பாடினார்களே தவிர யாரும் அதைக் கேட்டதில்லை. வருடத் தொடக்கத்தில் பிள்ளையைச் சேர்த்த ஒரு பல் டாக்டர், அந்தப் பாட்டில் எங்கள் கடவுள் இல்லை என்று மனு கொடுத்தார். கேள்விப்பட்டு ஒரு மளிகைக்கடைக்காரர் வந்து, இருப்பது எங்கள் கடவுள்தான், ஆனால் இந்த லட்சணத்தில் பாடுவதற்கு அவரை விட்டுவிடலாம் என்றார். மூன்றாவதாக ஒரு வக்கீல், கடவுளே இல்லை, அரசுப் பள்ளியில் அவருக்கு என்ன வேலை என்று கேட்டார். கூட்டம் போட்டார்கள். மூன்றரை மணி நேரம் நடந்தது. பிள்ளைகளுக்குக் கூட்டல் கழித்தல் வருகிறதா என்று அந்த அறையில் ஒரு வாய்கூடக் கேட்கவில்லை. கழிப்பறைக் கதவைப் பற்றி ஒரு அம்மா ஆரம்பித்தபோது, ஆன்மீகம் பேசும் இடத்தில் அசிங்கம் பேச வேண்டாம் என்று உட்கார வைத்தார்கள். கடைசியில் 'பொது அமைதி' என்று முடிவாயிற்று. ஒரு நிமிடம் சும்மா நிற்பது. அவரவர் கடவுளை அவரவர் மனதுக்குள் நினைக்கலாம், இல்லாதவர்கள் இல்லாததை நினைக்கலாம். எல்லோருக்கும் திருப்தி. அடுத்தவன் வேண்டுதலும் வெளியே கேட்காது என்பதில் வந்த திருப்தி அது.

சும்மா நிற்பது அவ்வளவு லேசில்லை என்று அடுத்த வாரமே தெரிந்தது. கையைக் கூப்பினால் ஒருவருக்கு ஆகவில்லை, விரித்தால் இன்னொருவருக்கு ஆகவில்லை, கட்டிக்கொண்டால் வக்கீலுக்கு ஆகவில்லை, அடிமைப் புத்தியாம். தொங்கவிடச் சொன்னார்கள். தலை குனிவதா நிமிர்வதா என்று இரண்டு நாள் போயிற்று. மிஞ்சியது கண் ஒன்றுதான். கண்ணை மூடுவதில் எந்தக் கட்சிக்கும் ஆட்சேபம் இல்லை. தூக்கத்துக்கும் அதுதானே வழி. ஊரே ஒப்புக்கொண்ட ஒரு கொள்கை கிடைத்துவிட்டதும், அதை மீறுகிறவர்களைத் தேட ஆரம்பித்தார்கள்.

முதலில் கண்டுபிடித்தவர் விளையாட்டு மாஸ்டர். எல்லோரும் அவரை விசில் என்போம். ஹெட்மாஸ்டர் அறைக்கு நான் வருகைப் பதிவேட்டைக் கொண்டுபோனபோது, அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்.

"சொல்லக் கூடாதுன்னுதான் சார் இருந்தேன். ஒண்ணாம் கிளாஸ் டீச்சர் கண்ணையே மூடுறதில்ல."

"உங்களுக்கு எப்படி சார் தெரியும்?" என்றேன்.

"நான் மூடித்தான் இருந்தேன்." கொஞ்சம் யோசித்தார். "பாதி."

"பாதி மூடினாலும் மூடினதாத்தான் எடுத்துக்கப்படும்," என்றார் ஹெட்மாஸ்டர்.

நிரந்தரப் பட்டியலில் அக்காவுக்கு அடுத்த பெயர் விசிலின் மச்சினியுடையது. அதற்கும் அவருடைய பக்திக்கும் சம்பந்தம் இருப்பதாக நான் சொல்லவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக எழுதுகிறேன், அவ்வளவுதான்.

அன்று மதியமே எனக்கு நியமனத் தாள் வந்துவிட்டது. பள்ளியின் கேட்டுக்குப் பூட்டு கேட்டு அக்கா எழுதிய விண்ணப்பம் ஒரு வருடமாக அலமாரியில் படுத்திருந்தது. கண்ணைக் கண்காணிக்கும் நோட்டு இரண்டு மணி நேரத்தில் அட்டை போட்டு, கோடு அடித்து, முத்திரை குத்தி வந்தது.

முதல் மூன்று நாளும் 'மூடாதோர்: இல்லை' என்று எழுதினேன். நாலாவது நாள் ஹெட்மாஸ்டர் கூப்பிட்டார்.

"தம்பி, தினமும் யாரும் இல்லைன்னு எழுதினா, அப்போ நீங்களும் கண்ண மூடிட்டு இருந்ததாத்தான் கருத வேண்டி வரும்."

"இல்ல சார், நல்லா தெறந்துதான் இருந்தேன்."

"நீங்க அந்த டீச்சருக்குத் தம்பிங்கறது நிர்வாகத்தோட கவனத்துல இருக்கு. அதனாலதான் உங்கள போட்டிருக்கு. கூடப் பொறந்த தம்பியே எழுதிட்டான்னா அப்புறம் எவன் கேள்வி கேக்க முடியும்?" பேனாவை மூடினார். "வியாழக்கிழமை கல்வி அதிகாரி நம்ம அமைதிய பாக்க வர்றார். பக்கத்துப் பள்ளிகளுக்கெல்லாம் நம்ம மாடல்தான். அன்னிக்கு டீச்சர் கண்ணு மூடியிருந்தா அங்கேயே பரிந்துரையில கையெழுத்து. தெறந்திருந்தா உங்க நோட்டுல பேரு இருக்கணும். இல்லன்னா உங்க பயிற்சிச் சான்றிதழும் எங்கிட்டதான் இருக்கு."

மிரட்டுகிறோம் என்ற எண்ணமே அந்த முகத்தில் இல்லை. பஸ் நேரம் சொல்கிற மாதிரி சொன்னார்.

சாயந்திரம் வீட்டில் அக்கா தரையில் உட்கார்ந்து நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். விசிலின் 'பாதி'யை நடித்தும் காட்டினேன். அக்கா சிரிக்கவில்லை.

"நாலு பேர் பாக்க கண்ண மூடுறதுக்குப் பேரு கும்பிடுறதா?" என்றாள் அம்மா. தினமும் காலையில் அடுக்களைக்குப் போகுமுன் சுவரோரம் கண்மூடி ஐந்து நிமிடம் நிற்கிறவள் அவள்தான். "நான் நிக்கும்போது உங்கள யாரையாவது பக்கத்துல நில்லுன்னு சொல்லியிருக்கேனா? கடவுளுக்கே காவலாளு போடுறானுங்க." ஒரு துண்டை உதறினாள். "ஆனாலும் மூடித் தொலைடி. வேலைய வாங்கிட்டு அப்புறமா நிதானமா தெறந்துக்கோ."

"எனக்கென்னம்மா வேண்டுதலா, கண்ண மூட மாட்டேன்னு." அக்கா சிவப்பு மைப் பேனாவைக் கீழே வைத்தாள். "நாப்பத்திரண்டு வாண்டுங்க. எல்லாம் ஆறு வயசு. கேட்டு பாதி தெறந்தே கெடக்குது, வெளிய பஸ் ரோடு. போன வருஷம் பாட்டு நடக்கும்போது ஒருத்தி நழுவிப் போயிட்டா. அத்தன பேரும் கண்ண மூடி உருகிட்டு நின்னாங்க. நான் ஓடிப்போய் சட்டையப் புடிச்சு இழுத்தேன். அந்த பஸ் காத்து என் மூஞ்சில அடிச்சது. அதுலேர்ந்து நின்னேன்னா தலைய எண்ணிட்டேதான் நிப்பேன்."

"அத அவர்கிட்ட சொன்னியா?"

"சொன்னேனே. 'அமைதி நேரத்தில் விபத்து நடந்ததாகப் பதிவு இல்லை'ன்னாரு."

அக்காவுக்கு முப்பத்திரண்டு வயது. ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் அவளை வேலையை விட்டு நிறுத்தி, பள்ளி திறக்கும்போது மறுபடி சேர்ப்பார்கள். அந்த இரண்டு மாதமும் எங்கள் வீட்டில் ரேடியோ சத்தம் குறைந்துவிடும். நான் கேலி பேசிப் பேர் வாங்கினவன். கல்லூரிச் சுவரொட்டியில் பிரின்ஸிபாலைப் பற்றி எழுதி இரண்டு தடவை மன்னிப்புக் கடிதமும் எழுதியவன். அன்று அவள் திருத்திய நோட்டுகளை எடுத்து அடுக்கினேன்.

"ஒரே ஒரு நிமிஷம்தானேக்கா," என்றேன் கடைசியில். "நான்தான் மேடையில கண்ணத் தெறந்துட்டு நிக்கிறேன்ல. உனக்குப் பதிலா நான் எண்ணுறேன். யாராவது நகந்தா கத்துறேன்."

"கத்துவியா?"

"கத்துவேன்."

"அதிகாரி பக்கத்துல நிக்கும்போது?"

"அவர் காதுலயே கத்துறேன், போதுமா?"

அவள் என்னையே பார்த்தாள். ஒரு பையன் கணக்கு போட்டானா, பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதினானா என்று பார்க்கிற பார்வை. பிறகு பேனாவை எடுத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை கல்வி அதிகாரி வந்தார். நல்ல சலவைச் சட்டை, பெரிய வாட்ச். எங்கள் அமைதி எத்தனை டெசிபல் என்று கேட்டார். ஹெட்மாஸ்டர் கணக்கிடப்பட்டு வருவதாகச் சொன்னார். பல் டாக்டரும் மளிகைக்காரரும் வக்கீலும் ஒரே பெஞ்சில், ஒருவர் முழங்கை மற்றவர் மேல் படாமல் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாம் முடிவான கடைசி நிமிடத்தில் விசில் வரிசைகளை மாற்றினார். எட்டாம் வகுப்பு உயரமாக, ஒழுங்காக நிற்கும், அதிகாரி கண்ணுக்கு அதுதான் முதலில் பட வேண்டும் என்று அதை முன்னால் கொண்டுவந்தார். எப்போதும் மேடைக்கு அடியில் நிற்கும் ஒன்றாம் வகுப்பைக் கடைசிக்கு, கேட்டுப் பக்கம் தள்ளினார். அக்கா ஏதோ சொல்லப் போனாள். அவர் விசிலை வாயில் வைத்துவிட்டார்.

மேடையிலிருந்து பார்த்தால் எட்டாம் வகுப்பின் தலைகளுக்கு அந்தப் பக்கம், வெகு தூரத்தில், கடுகு சிதறின மாதிரி சின்னத் தலைகள் தெரிந்தன. எண்ண ஆரம்பித்தேன். பதினேழுக்குமேல் தவறிவிட்டது. மறுபடி ஆரம்பித்தேன்.

மணி அடித்தது. அறுநூறு பேர் கண்ணை மூடினார்கள். அதிகாரி மூடினார். பாஸ்போர்ட்டுக்குப் படம் பிடிக்கிற மாதிரி முகத்தை நேராக்கிக்கொண்டு ஹெட்மாஸ்டர் மூடினார். விசில் தன்னுடைய பாதியை மூடினார். ஸ்டாப்வாட்சை அழுத்தினேன்.

அக்கா கண்ணை மூடினாள். வலிக்கிற ஊசிக்கு மூடுகிற மாதிரி இறுக்கி மூடினாள். ஆனால் தொங்கவிட வேண்டிய கைகளில் ஒன்று தொங்கவில்லை. அவள் வரிசையோரமாக மெல்ல நடந்தாள். அந்தக் கை ஒரு தலையைத் தொட்டது, அடுத்ததைத் தொட்டது, அதற்கடுத்ததைத் தொட்டது. உதடும் அசைந்திருக்க வேண்டும். பெஞ்சில் இருந்த மூவரும் பார்த்திருந்தால் அவரவர் பிரார்த்தனை என்றே நினைத்திருப்பார்கள். அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். கையைப் பற்றி நோட்டில் கட்டம் எதுவும் இல்லை.

இருபத்தைந்து நொடி. இரண்டாவது வரிசையின் கோடியில் கை கீழே இறங்கியது. அங்கே தலை இல்லை. இன்னும் கொஞ்சம் இறக்கித் துழாவினாள். இல்லை.

நானும் பார்த்தேன். அந்த இடம் காலியாகத்தான் தெரிந்தது. செருப்பு வாரைப் போட அங்கேயே குந்தியிருக்கலாம். எட்டாம் வகுப்பு மறைத்தது. வேறு வரிசைக்கு மாறியிருக்கலாம். கேட்டைப் பார்த்தேன். அது எப்போதும்போலப் பாதி திறந்திருந்தது, அதைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. வெளியே எங்கோ ஒரு பஸ் கியர் மாற்றும் சத்தம் கேட்டது. எனக்கு ஒரு முழம் தள்ளி அதிகாரி சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அந்தப் பக்கம் ஹெட்மாஸ்டரின் மேஜையில் பரிந்துரைத் தாள், காற்றில் பறக்காமல் இருக்கக் கண்ணாடிக் குண்டு வைத்தபடி, கையெழுத்துக்குத் தயாராக இருந்தது.

முப்பத்தொன்று. முப்பத்திரண்டு. வாயைத் திறந்தேன். என் கண் மேஜைமேல் இருந்த தாளுக்குப் போயிற்று.

அக்கா கண்ணைத் திறக்கவில்லை. ஆறு வயசுத் தலையின் உயரத்தில், அந்தக் காலி இடத்துக்கு மேல் உள்ளங்கையை விரித்துப் பிடித்தபடி, மூடிய கண்களோடு முகத்தை மட்டும் மேடைப் பக்கம் திருப்பி, என் குரலுக்காக நின்றாள்.