கடையில் வாங்கிய கொள்ளுத்தாத்தா

பஞ்சாபின் மோகாவில் டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் மெஹங்கா சிங்கைப் பொய்யர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. பழைய பேரிங்கைப் புதிது என்று ஒருநாளும் யார் தலையிலும் கட்டியதில்லை. அந்த மனிதர் ஆயுளில் சொன்ன பெரிய பொய் ஒன்றே ஒன்றுதான். அதையும் கண்ணாடிச் சட்டம் போட்டு, வரவேற்பறையில் சோபாவுக்கு மேலே மாட்டி வைத்திருந்தார்.

புது வீடு கட்டியபோது லூதியானாவில் ஒரு படக்கடையில் வாங்கியது அது. முதல் உலகப் போர்க் காலத்துப் புகைப்படத்தைக் கதவு அகலத்துக்குப் பெரிதாக்கியிருந்தார்கள். ஏதோ சீமைத் தெருவில் சீக்கியச் சிப்பாய்கள் அணிவகுத்துப் போகிறார்கள். ஓரத்தில் வெள்ளைக்காரப் பெண்கள் கையசைக்கிறார்கள். முன்வரிசையில் மூன்றாவது ஆள் மட்டும் படம் எடுப்பவனை நேருக்கு நேர் பார்க்கிறான். குடிபுகுந்த அன்று வந்திருந்த ஒருவர், "யாருங்க இது?" என்று கேட்டார். மெஹங்கா சிங்கின் நாக்கில் சனி உட்கார்ந்தது. "எங்க கொள்ளுத்தாத்தா" என்று சொல்லிவிட்டார்.

சொன்ன பொய் சொன்ன இடத்தில் கிடக்குமா? அதற்குக் கை முளைத்தது, கால் முளைத்தது, மார்பில் ஒரு மெடலும் முளைத்தது. பள்ளிக்கூட விழாவில் கூப்பிட்டு மாலை போட்டுப் பேசவே வைத்துவிட்டார்கள். உண்மை தெரிந்தவள் மனைவி ஸ்வரண் கவுர் ஒருத்திதான். "என்னிக்காவது அந்த ஆளோட சொந்தக்காரன் வாசல்ல வந்து நிப்பான். அன்னிக்கு இருக்கு உங்களுக்கு" என்பாள்.

வந்து நின்றான். அதுவும் மகள் ரூபிந்தரின் சம்பந்தம் பேசுகிற அன்றைக்கா வந்து நிற்க வேண்டும்!

ரூபிந்தரும் நவ்ராஜும் ஒரே வங்கிக் கிளையில் வேலை பார்ப்பவர்கள். ஒருவரை ஒருவர் விரும்பி, இரண்டு வீட்டிலும் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதம் வாங்கியிருந்தார்கள். பையனின் அப்பா பல்காரா சிங் சாது. அவருடைய அக்கா நசீப் கவுர் அப்படியல்ல. அவள் தலையசைக்காமல் அந்த வீட்டில் உலை கொதிக்காது. கோத்திரம் விசாரித்ததும் அவள்தான். இவர்கள் தாலிவால், அவர்கள் பிராட். தடை எதுவும் இல்லை. உட்கார்ந்து ஒரு வாய் இனிப்பு சாப்பிட்டால் நிச்சயம் ஆன மாதிரி.

பல்காரா சிங் உட்காரவில்லை. படத்துக்கு முன்னால் போய் நின்றவர், கண்கலங்கிவிட்டார்.

"அக்கா, இங்க பாரேன்! நம்ம கொள்ளுத்தாத்தா!" என்றவர், ஓடிவந்து மெஹங்கா சிங்கைக் கட்டிக்கொண்டார். "நாங்க வர்றோம்னு எங்க பெரியவர் படத்தைத் தேடிப் பிடிச்சு மாட்டியிருக்கீங்களே சர்தார்ஜி! இந்த மனசு யாருக்கு வரும்?"

ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போட்டிருந்தால் தப்பித்திருப்பார். ஆனால் பழகிய நாக்கு கேட்கவில்லை.

"உங்க கொள்ளுத்தாத்தாவா? எந்த ஆளு?"

"அதோ, மூணாவது ஆளு."

"அது எங்க கொள்ளுத்தாத்தா ஆச்சே!"

ஸ்வரண் கவுர் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். நசீப் கவுர் தட்டில் இருந்து எடுத்த பின்னி என்ற இனிப்பு உருண்டையைத் திரும்பத் தட்டிலேயே வைத்தாள்.

"நல்லா இருக்கே கதை. ரெண்டு பேருக்கும் ஒரே கொள்ளுத்தாத்தான்னா நீங்க பங்காளி. பிள்ளைங்க அண்ணன் தங்கச்சி. எந்திரிடா பல்காரா, போலாம்."

"இல்லக்கா, இவர் எங்களுக்கு... அம்மா வழி" என்று இழுத்தார் மெஹங்கா சிங்.

"அம்மா வழின்னாலும் நம்மள்ல சொந்தத்துக்குள்ள கட்டறது ஆகாது. இல்ல, ரெண்டுல ஒரு வீடு புளுகுது. புளுகற வீட்டுல நான் சம்பந்தம் பண்ண மாட்டேன்."

"அத்தை..." என்று நவ்ராஜ் வாயெடுத்தான்.

"நீ வாயை மூடு."

டீத்தட்டோடு நின்றிருந்த ரூபிந்தரை மெஹங்கா சிங் பார்த்தார். அவளுக்கும் உண்மை தெரியாது. அப்பா சொன்ன மெடல் கதையைப் பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லி வளர்ந்த பெண். உண்மையைச் சொன்னால் புளுகன் மகள் ஆகிவிடுவாள். சொல்லாவிட்டால் தங்கச்சி ஆகிவிடுவாள். பாவி, என்ன காரியம் செய்து வைத்தோம் என்று தன்னையே நொந்துகொண்டார்.

"என் மேலதான் தப்பு" என்றார் கடைசியில். "அது கடையில வாங்கின படம். அந்த ஆளு யாருன்னே எனக்குத் தெரியாது. எங்க கொள்ளுத்தாத்தா பேரு பக்கா சிங். சண்டைக்குப் போனது நிஜம். கப்பல் ஏறினவர் திரும்பல. அவர் முகம் எப்படி இருக்கும்னு எங்க வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாது. இந்த ஆளு நேராப் பாக்கறானா... யாரோ நம்மளைத்தான் பாக்கறாங்கன்னு இருந்துது. சொல்லிட்டேன். என் மகளுக்கு ஒண்ணும் தெரியாது, அவளை ஒதுக்கிடாதீங்க."

"பார்த்தியாடா!" என்று நசீப் கவுர் தம்பியிடம் திரும்பினாள்.

பல்காரா சிங் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்ம வீட்ல மாட்டியிருக்கறதும் வாங்கினதுதான்க்கா."

"என்னது?"

"போன்ல பாத்து வரவழைச்சேன். நம்ம அப்பா படுத்த படுக்கையா இருந்தப்போ, அவரோட தாத்தா கேஹர் சிங் முகத்தை ஒருதரம் பாக்கணும்னு பிடிவாதம் பிடிச்சாரே. இல்லாத படத்துக்கு நான் எங்க போவேன்? இதைக் காட்டினேன். தடவிப் பாத்துட்டு, 'என் மூக்குடா'ன்னார். அப்புறம் எப்படிக் கழட்டறது?"

"அட கடங்காரா! ராணுவ ஆபீஸ்ல தேடி வாங்கினேன்னு சொன்னியே! தினம் குளிச்சிட்டு வந்து யாரோ ஒருத்தனையா கும்பிட்டுக்கிட்டு இருந்தேன்?"

நசீப் கவுர் எழுந்தாள். போகத்தான் எழுகிறாள் என்று மெஹங்கா சிங்குக்கு உயிரே போய்விட்டது. அவளோ படத்துக்கு முன்னால் போய் நின்றாள். பழக்கதோஷம், கை தானாகக் கும்பிட்டது. எடுக்கப் பார்த்தாள், எடுக்கவில்லை.

"எந்த வீட்டுப் பிள்ளையோ நீ" என்றாள் மூன்றாவது ஆளிடம். குரல் கம்மியிருந்தது. "எங்க அப்பா சாகறப்போ நிம்மதியாக் கண்ணை மூட வச்சிருக்கே. உன் வீட்டுலயும் உன் முகம் தெரியாம எவனாவது இன்னொருத்தன் படத்தை மாட்டி வச்சிருப்பான். உன் ஜனம் தேடிவர்ற வரைக்கும் இங்க ஒண்ணு அங்க ஒண்ணா இருந்துக்கோ. ரெண்டும் உன் வீடுதான்."

முக்காட்டில் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். பழைய குரல் வந்துவிட்டது.

"ரெண்டு வீடும் ஒரே கடைச் சரக்கு. இதைவிடப் பொருத்தம் எங்க போய்த் தேடறது? பக்கா சிங்கும் கேஹர் சிங்கும் இதுல எங்கயாவது பின்னால நடந்து வந்துட்டுதான் இருப்பாங்க." ரூபிந்தரை ஏற இறங்கப் பார்த்தாள். "சிலை மாதிரி என்ன நிக்கறே? டீ ஆறிப்போச்சு. போய்ச் சூடு பண்ணிக் கொண்டா, மருமகளே."