தங்கை தூக்கிய கை

பொய் சொல்வதில் சின்னவளுக்கு முன்அனுபவம் கிடையாது. அதனால்தான் இவ்வளவு பெரிதாகச் சொல்லி மாட்டிக்கொண்டாள். சின்னச் சின்னதாகச் சொல்லிப் பழகியவள் என்றால் எங்கே நிறுத்த வேண்டும் என்றாவது தெரிந்திருக்கும்.

அவளுடைய அக்கா பஸ் கண்டக்டர். பதினெட்டு வருஷமாக இடது கையால் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு வலது கையால் டிக்கெட் கொடுத்தவள். "உள்ள போங்க, உள்ள போங்க, உள்ள என்ன புலியா இருக்கு?" என்று அவள் போடும் சத்தத்துக்கு, நின்றபடியே தூங்குகிறவன்கூட நாலடி நகர்ந்துவிடுவான். அந்த அக்காவுக்கு இடது மார்பில் புற்றுநோய் வந்து, மார்பை எடுத்து, மருந்தெல்லாம் ஏற்றி முடித்தார்கள். உயிர் மிஞ்சியது, தலைமுடி அரும்பியது, இடது கைதான் தோளுக்கு மேல் எழும்பவில்லை.

கையைச் சரிசெய்ய ஆஸ்பத்திரியில் ஒரு பயிற்சி இருந்தது. முதல் நாள் நேரில் போக வேண்டும். பிறகு எட்டு வாரம், வாரத்துக்கு இரண்டு தடவை, போனில் வீடியோ. முடிவில் மறுபடி நேரில். முகம் காட்டக் கூச்சப்படுகிறவர்கள் கழுத்துக்குக் கீழே காட்டினால் போதும் என்றார்கள். ஆனால் இரண்டு தடவை வராவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். காத்திருக்கிறவர்களின் வரிசை அவ்வளவு நீளம்.

முதல் வீடியோ அன்று சின்னவள் போனை, கழுத்துக்குக் கீழே மட்டும் தெரியும்படி, அலமாரியில் சாய்த்து வைத்தாள். அக்கா எதிரே வந்து நின்றாள். திரையின் மூலையில் நம்மை நமக்கே காட்டும் ஒரு சின்னக் கட்டம் இருக்குமே, அதில் அக்காவின் சட்டை தெரிந்தது. ஒரு பக்கம் நிறைந்து, ஒரு பக்கம் சப்பையாக. ஆபரேஷன் முடிந்து வந்த நாளிலிருந்து குளியலறைக் கண்ணாடிமேல் துண்டைப் போட்டு மூடியவள் அவள். அப்படியே பின்வாங்கினாள்.

"என்னால முடியாதுடி. கட் பண்ணு."

"அக்கா, மேடம் லைன்ல இருக்காங்க!"

அக்கா உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். போனிலோ பயிற்சி கொடுக்கும் பிசியோ மேடம், "ஹலோ, இருக்கீங்களா?" என்கிறார். சின்னவள் என்ன செய்வாள், பாவம்? இரண்டு பேருக்கும் ஒரே உடல்வாகு, ஒரே குரல். இன்றைக்கு ஒரு நாள் தப்பித்தால் போதும் என்று, துப்பட்டாவை மார்பு மறைய இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே போய் நின்று, "இருக்கேன் மேடம்" என்றுவிட்டாள்.

ஒரு நாள் பதினாறு நாளானது. "அடுத்த தடவை நான் நிக்கிறேன்" என்று அக்கா ஒவ்வொரு முறையும் சொல்வாள். போன் மணி அடித்ததும் கதவு சாத்திக்கொள்ளும். சின்னவள் கெஞ்சினாள், சண்டை போட்டாள், ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல்கூடக் கிடந்து பார்த்தாள். ஊஹூம். கடைசியில் அவளே சுவரில் விரல்களை மேலே மேலே நடக்கவிட்டாள், குச்சியைத் தலைக்கு மேல் தூக்கினாள், மேடம் கேட்டபோதெல்லாம் கையை டேப்பால் அளந்து சொன்னாள். பாதியில் நிறுத்தி "ஆ, வலிக்குது" என்று முனகவும் கற்றுக்கொண்டாள். கெட்டிக்காரிதான்! மேடம் சந்தோஷப்படுகிறாரே என்று வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தியும் காட்டினாள்.

அதுதான் வினையாக முடிந்தது.

"சூப்பர்ம்மா!" என்றார் மேடம், பதினாறாவது நாள். "உங்க டிப்போவுக்கு லெட்டர் எழுதிடறேன். திங்கக்கிழமை நீங்க வண்டி ஏறலாம். சனிக்கிழமை நேர்ல வாங்க, ஒரு தடவை பாத்துட்டு கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

சின்னவள் நினைத்துப் பார்த்தாள். ஓடும் பஸ், பிதுங்கும் கூட்டம், திடீரென்று ஒரு பிரேக். எட்டிப் பிடிக்கக் கை எழும்பாத அக்கா. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை மேடத்தின் நம்பரைப் போட்டு, மூன்று தடவையும் கட் செய்தாள்.

சனிக்கிழமை இரண்டு பேரும் போனார்கள். பயிற்சி அறையில் ஒரு பெரிய கண்ணாடி. அக்கா அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"எங்க, மேல தூக்குங்க பாக்கலாம்."

கை நெஞ்சு உயரத்தில் நின்றுவிட்டது. அதற்கே அக்காவின் முகம் வெளுத்துப்போனது.

"என்னம்மா, விளையாடறீங்களா?" என்று மேடம் சிரித்தார். பிறகு அக்காவின் முழுக்கைச் சட்டையைச் சுருட்டி, முழங்கைக்கு மேலே டேப்பைச் சுற்றினார். சிரிப்பு போய்விட்டது. இன்னொரு தடவை சுற்றினார். "மூணு சென்டிமீட்டர் வீங்கியிருக்கு. போன வாரம் நீங்க சொன்ன அளவு இது இல்லையே?"

"அது என் கை, மேடம்," என்றாள் சின்னவள்.

எல்லாவற்றையும் சொன்னாள். மேடம் கையும் களவுமாகப் பிடித்தவர்போலத் திட்டித் தீர்த்தார். "எட்டு வாரமா ஒரு நல்ல கைக்கு வைத்தியம் பாத்திருக்கேன்! இந்த வீக்கம் ரெண்டாவது வாரமே தெரிஞ்சிருக்கணும். அப்பவே கட்டுப் போட்டிருந்தா வடிஞ்சிருக்கும். இனிமே முழுசா வடியுமான்னு என்னால சொல்ல முடியாது, தெரியுமா?"

"அவளத் திட்டாதீங்க," என்றாள் அக்கா. "அவ எண்ணறது கதவு வழியா கேட்டுக்கிட்டேதான் படுத்திருந்தேன். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு. எந்திரிச்சு வந்திருக்கலாம். வரல."

"ஏன் வரல?"

அக்கா சுருட்டிய சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டாள். சின்னவள்தான் சொன்னாள், திரை மூலையில் தெரியும் அந்தச் சின்னக் கட்டத்தைப் பற்றி. அதில் தன்னைப் பார்க்க அக்காவால் முடியவில்லை என்பதை.

மேடம் சின்னவளின் போனை வாங்கினார். தட்டில் கிடந்த பிளாஸ்திரியில் ஒரு துண்டு கிழித்து, திரையின் மூலையில் ஒட்டினார்.

"இவ்வளவுதாம்மா," என்றார். "ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருந்தா முதல் நாளே ஒட்டச் சொல்லியிருப்பேன்."

சின்னவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஒரு விரல் நீளம்கூட இல்லை அந்தத் துண்டு.

டிப்போ கடிதத்தை மேடம் கிழித்துப் போட்டார். அக்காவின் விரலிலிருந்து தோள் வரை கட்டுச் சுற்றினார். பெயரை அடிக்கவில்லை, ஆனால் எல்லாம் முதலிலிருந்து.

செவ்வாய்க்கிழமை போன் மணி அடித்தபோது உள்ளறைக் கதவு திறந்தே இருந்தது. அக்கா வந்து நின்றாள். மேடம் "ஒண்ணு" என்றார். கட்டுப் போட்ட கை இடுப்பைத் தாண்டி, நெஞ்சு வரை வந்து நின்றது. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு பக்கவாட்டில் திரும்பினாள். அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருந்த சின்னவளின் இடது கை, பழக்கதோஷத்தில், தலைக்கு மேலே நேராக உயர்ந்திருந்தது. அக்கா பார்ப்பதைக் கண்டதும் அவள் வெடுக்கென்று அதை இறக்கி, தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.