பட்டியலில் இல்லாத பெட்டி

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் 'பழசு'. வயது என்னவோ முப்பத்தெட்டுதான். பார்த்த வேலைதான் பழசு. கம்பெனியின் கப்பல் கேமை, டிவியில் சொருகி ஆடும் பழைய கேம் மெஷினில் தடங்கல் இல்லாமல் ஓட வைப்பது அவள் பொறுப்பு. ஒரு காலத்தில் அந்த வரிசையில் பதினான்கு நாற்காலிகள் நிறைந்திருந்தன. புது மெஷின் வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதுதான் தாமதம், ஒவ்வொருவராக மூட்டை கட்டிக்கொண்டு ஜன்னலோரம் இருந்த புது டீமுக்குப் போய்விட்டார்கள். கடைசியில் மிஞ்சியது அவளும், யாரும் தண்ணீர் ஊற்றாத ஒரு தொட்டிச் செடியும்தான்.

"நீங்களும் அந்தப் பக்கம் மாத்திக் கேளுங்களேன். எத்தனை நாளைக்கு இதையே கட்டிக்கிட்டு அழுவீங்க?" என்று மேனேஜரே கேட்டுப் பார்த்தார். அவள் சிரித்து மழுப்பிவிட்டாள். காரணத்தைச் சொன்னால் அவர் சிரிப்பார் என்று அவளுக்குத் தெரியும்.

காரணம், அண்ணன். லேத் பட்டறையில் வேலை பார்த்தவன், பத்து வருஷத்துக்கு முன்னால் வலது கையில் மூன்று விரல்களை மெஷினுக்குப் பறிகொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தான். தங்கையின் கப்பல் கேமை ஆடிப் பொழுதைப் போக்கலாம் என்றால், கடையில் விற்கிற கன்ட்ரோலரை அந்தக் கையால் பிடிக்க முடியாது. ஆனால் சும்மா இருக்கிற ஆளா அவன்? மரத்தில் ஒரு பெட்டி செய்தான். அழைப்பு மணி சுவிட்சுகளைப் பொத்தான்களாகப் பதித்தான். தையல் மெஷின் மிதி ஒன்றைக் காலுக்கு வைத்துக்கொண்டான். மலிவான கன்ட்ரோலர் ஒன்றைப் பிரித்து, அதன் போர்டை எடுத்துப் பெட்டிக்குள் வைத்து எல்லா ஒயரையும் அதில் சேர்த்தான். சொருகினான், வேலை செய்தது. எதைச் சொருகினாலும் அந்தப் பழைய கேம் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. முறைப்படி பார்த்தால் அது ஒரு ஓட்டை. எட்டு வருஷமாக அவள் அதைக் கண்டும் காணாமல் விட்டிருந்தாள்.

அந்தக் கேமில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு சரக்குக் கப்பலைக் கரை சேர்க்க வேண்டும். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அண்ணன் சுக்கான் பிடிப்பான். கூட வரும் நால்வரையும் அவன் நேரில் பார்த்ததே இல்லை. ஒருவர் ரிட்டயரான கண்டக்டர், ஒருத்தி நர்ஸ், இன்னும் இரண்டு பேர். எல்லோருக்கும் அவன் 'கேப்டன்'. பட்டறையில் இருபது வருஷம் 'ஏய்' என்று மட்டுமே கூப்பிடப்பட்டவன். அந்தக் கப்பலில் யாருக்கும் அவன் விரல் கணக்கு தெரியாது. ஆறு மணி ஆனால் அவன் குரலே மாறிவிடும் என்று அண்ணி சொல்வாள்.

வசந்தம் முடிகிற சமயத்தில் மேனேஜர் அவளைக் கூப்பிட்டார்.

"பழைய மெஷினுக்குக் கடைசியா ஒரு அப்டேட் விட்டுடலாம். அதுக்கப்புறம் நாப்பது நாள் சர்வர் ஓடட்டும். அத்தோட ஏறக்கட்டிடலாம். போறதுக்கு முன்னாடி லிஸ்ட்ல இருக்கற ஓட்டை எல்லாத்தையும் அடைச்சிடுங்க. அந்தக் கன்ட்ரோலர் ஓட்டையையும் சேர்த்துத்தான். கண்ட கருவியையும் சொருகி ஏமாத்தி ஜெயிக்கறானுங்க."

"நாப்பது நாள்தானே சார், அதுக்குப் போய் எதுக்கு?"

"கடைசி நாப்பது நாளாவது ஒழுங்கா விளையாடறவங்க நிம்மதியா விளையாடட்டுமே."

ஓட்டையை அடைத்தே ஆக வேண்டும். ஆனால் அண்ணனை மட்டும் உள்ளே விட ஒரு வழி இருந்தது. எந்தக் கன்ட்ரோலரைச் சொருகினாலும் அதன் போர்டு தன் நம்பரை மெஷினுக்குச் சொல்லும். அனுமதிக்கிற நம்பர்களுக்கு ஒரு பட்டியல் போட்டு, அதில் இல்லாததைத் தள்ளிவிட்டால் ஆயிற்று. அந்தப் பட்டியலின் கடைசி வரியில் அண்ணன் பெட்டியின் நம்பரைச் சேர்த்தாள். எட்டு வருஷத்துக்கு முன்னால் பெட்டியைச் சோதித்தபோது எழுதி வைத்த குறிப்பு பத்திரமாக இருந்தது. அதைப் பார்த்துப் போட்டாள். ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபார்த்தாள். குறிப்பில் இருக்கும்போது ஆளை எதற்குக் கேட்பது? அந்த வேலை பார்க்கிறவர்களுக்கு வாயால் சொல்வதைவிடப் பதிவில் இருப்பதில்தான் நம்பிக்கை அதிகம். அவளும் அதே ரகம்தான்.

அந்த வாரத்தில்தான் அண்ணன் போன் செய்தான்.

"பாப்பா, ஒரு நிமிஷம் பேசலாமா?"

"அண்ணா, ரிலீஸ் வாரம். தலைக்கு மேல வேலை கிடக்கு. நானே கூப்பிடறேனே?"

"சரி சரி, நீ வேலையப் பாரு. அவசரம் ஒண்ணுமில்ல."

அவள் கூப்பிடவில்லை. அப்டேட் வெளியான அன்று ஒரு செய்தி மட்டும் அனுப்பினாள். 'கண்டிப்பா போட்டுடு. கடைசியில என் பேர் வரும், பாரு.' மறுநாள் பதில் வந்தது. 'போட்டாச்சு. உன் பேர் பாத்தேன். பெருமையா இருக்கு.' அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அண்ணனுக்குக் கடைசிவரை செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டாள்.

நாற்பது நாளும் ஓடிப் போயின. அவளுக்கும் ஜன்னலோரம் ஒரு மேஜை கொடுத்தார்கள். தொட்டிச் செடியையும் கூடவே எடுத்துக்கொண்டு போனாள். கடைசி நாள் ராத்திரி சர்வரை நிறுத்தும் கட்டளையை அவளே கொடுக்கட்டும் என்றார் மேனேஜர். "இவ்வளவு நாள் கட்டிக் காப்பாத்தினது நீங்கதானே." அவள் கொடுத்தாள். யாரும் பார்க்காமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

திங்கட்கிழமை முடிவறிக்கை எழுத வேண்டியிருந்தது. எத்தனை திருட்டுக் கருவிகளைத் தடுத்தோம் என்று மேனேஜருக்கு ஒரு எண்ணிக்கை வேண்டும். அவள் பதிவைத் திறந்தாள். பெரும்பாலானவர்கள் இரண்டு தடவை சொருகிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒரே ஒரு மெஷின் மட்டும் தினமும் வந்திருந்தது, ஆறு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது. முதல் நாள் முப்பத்தொரு தடவை. மறுநாள் பதினான்கு. பத்தாம் நாளுக்குப் பிறகு தினம் ஒரே ஒரு தடவை, கடைசி நாள் வரைக்கும்.

தோளுக்குப் பின்னால் நின்று பார்த்த மேனேஜர் சிரித்தார். "யாருங்க இவரு, இப்படி விடாப்பிடியா இருக்காரு?"

பதிவில் இருந்த பெயரை அவள் பார்த்தாள். கேப்டன். பக்கத்தில் இருந்த நம்பர் அவள் குறிப்பில் இருந்த நம்பர் இல்லை. தலைவலி என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

கதவைத் திறந்த அண்ணி அவள் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். "தெரிஞ்சுடுச்சா? உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு என் வாயக் கட்டிட்டாரு."

அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தான். டிவிக்குக் கீழே பெட்டி இருந்தது. மேலே தூசு இல்லை.

"அப்போ இந்த நாப்பது நாளும்?" என்றாள்.

"கப்பல்ல இருந்தேனே. அண்ணியோட சாதா கன்ட்ரோலர மடியில வெச்சுக்கிட்டு இடது கையால உள்ள நுழையறதுக்கு முடிஞ்சுது. ஓட்டத்தான் முடியல. சுக்கான கண்டக்டர்கிட்ட குடுத்துட்டேன். உடம்பு சரியில்லன்னு சொன்னேன். அவங்க பேசறதக் கேட்டுக்கிட்டுச் சும்மா உக்காந்து போனேன். கடைசி நாளு மனுஷன் துறைமுகத்துச் சுவத்துல மோதிட்டாரு." அவன் சிரித்தான். "நர்ஸம்மா திட்டித் தீர்த்துட்டாங்க. கேப்டன் ஓட்டியிருந்தா இப்படி ஆகியிருக்குமான்னு."

அவளால் சிரிக்க முடியவில்லை. எட்டு வருஷம் ஓட்டியவனைக் கடைசி நாற்பது நாளும் பயணியாக உட்கார வைத்தது அவள் எழுதிய பட்டியல்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணா. ஒரு நம்பர் சேர்க்கணும், அவ்வளவுதான். ஒரு மணி நேர வேலை. நாப்பது நாள்ல எப்ப வேணா செஞ்சிருப்பேன்."

"எனக்கென்ன தெரியும்? கம்பெனியே வேணாம்னு அடைச்சுட்டாங்கன்னு நெனச்சேன். நான் கேட்டு, நீ முடியாதுன்னு சொல்லி, எதுக்கு உனக்கு சங்கடம்?"

"உள்ள இருந்த போர்ட எப்ப மாத்தின?"

"அப்டேட்டுக்குக் கொஞ்சம் முன்னாடி. பழசு புகைஞ்சு போச்சு. வேற போர்டு போட்டா எதாவது பிரச்சனை வருமான்னு உன்னக் கேக்கலாம்னுதான் அன்னிக்குப் போன் பண்ணேன்."

அவள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள். அண்ணன் கடைசித் துணியை மடித்து, ஓரத்தைச் சரிசெய்து அடுக்கின் மேல் வைத்தான்.

"நானே கூப்பிடறேன்னு சொன்னேன்" என்றாள்.

"ஆமா" என்றான் அண்ணன். அவன் குரலில் கோபமே இல்லை. "அதான், நீ கூப்பிடுவேன்னு இருந்தேன்."