கழற்றாத காலர் மைக்

விருதுப் பட்டியல் வெளியான காலையில் டைரக்டர் போட்ட கூச்சலில், போனை ஒரு சாண் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது காதுக்கு.

"டேய் காது! ரெண்டுடா, ரெண்டு! சிறந்த குறும்படம், சிறந்த ஒலிப்பதிவு! ரெண்டாவது உனக்குடா எருமை!"

காது என்பது பட்டப்பெயர். பக்கத்து அறையில் யாராவது செருப்பைக் கழற்றினால் இடதா வலதா என்று சொல்லிவிடுவான் என்று கல்லூரியில் டைரக்டர் வைத்தது. ஒன்பது வருடமாக ஒலிப்பதிவு செய்கிறான். சோப்பு விளம்பரம், கல்யாண வீடியோ, யார் யாரோ எடுத்த படம். எந்தப் பட்டியலிலும் அவன் பெயர் வந்ததில்லை.

"நடுவருங்க என்ன எழுதியிருக்காங்க, கேளு. 'பன்னிரண்டாவது நிமிடத்தில், முதுகு காட்டி நிற்கும் அந்தப் பெண் போனில் சொல்லும் ஒரே ஒரு வரி. அதன் மூச்சுக்காகவே இந்த விருது.' அண்ணி பின்னிட்டாங்கடா! ஞாயித்துக்கிழமை காலைல திரையிடல். அண்ணி வர்றாங்க. அண்ணனும் ஷிஃப்ட்டை மாத்திக்கிட்டு வர்றாரு."

"அண்ணனுமா?" என்றான் காது.

அந்த வரி நடிப்பு இல்லை. அது அவன் ஒருவனுக்கு மட்டுமே தெரியும்.

டைரக்டரின் அம்மா போன வருடம் படுக்கையிலேயே கிடந்து இறந்துபோனார். வெளியூரிலிருந்த டைரக்டர் அடக்கத்துக்குத்தான் வந்து சேர்ந்தான். மூன்று மாதம் பார்த்துக்கொண்டவர் அவனுடைய அண்ணி. அந்த மூன்று மாதத்தைத்தான் பதினான்கு நிமிடப் படமாக எடுத்தான். அண்ணியையே நடிக்க வைத்தான். கடைசிக் காட்சியில் மருமகள் தன் அக்காவிடம் போனில் சொல்ல வேண்டிய வசனம்: 'நான் தூங்கிட்டேன்க்கா. அத்தை போனதே தெரியல.' வீட்டில் எல்லோரும் அறிந்த கதையும் அதுதான். ஆனால் அண்ணி அதை ரேஷன் அட்டை எண்ணைப் படிப்பதுபோல் சொன்னார். ஏழு டேக். ஏழும் சப்பென்று இருந்தன.

இடைவேளையில் அண்ணி மாடிப்படிக்குப் போய்த் தன் சொந்த அக்காவுக்கு நிஜமாகவே போன் செய்தார். காலர் மைக்கைக் கழற்ற மறந்தவன் காது. அவன் ஹெட்போனில் அந்தக் குரல் வந்தது.

'அத்தை கூப்பிட்டாங்கக்கா. எனக்குக் கேட்டுச்சு. தூங்குற மாதிரியே படுத்துக் கெடந்தேன்.'

கேட்டதும் அழித்திருக்க வேண்டும். வைத்துக்கொண்டான். பிறகு, முதுகு ஷாட்தானே, உதட்டசைவு தெரியாதே என்று ஒட்டிவிட்டான். "அண்ணியைத் தனியா பேச வெச்சு எடுத்தேன், அவங்களே மாத்திப் பேசிட்டாங்க," என்று டைரக்டரிடம் புளுகினான். டைரக்டர் அவனைக் கட்டிப்பிடித்து முத்தமே கொடுத்தான். படம் நேரே விழாவுக்குப் போனது. முதல் காட்சி அங்கேதான் என்பது விதி என்பதால் வீட்டில் ஒருவரும் பார்க்கவில்லை.

அண்ணி சட்டை தைக்கும் கடை வைத்திருந்தார். காது போனபோது மேசையில் துணியை விரித்து சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க விருது! என்ன, பேயறைஞ்ச மாதிரி மூஞ்சி? பரிசு வாங்கினவன் மாதிரியா இருக்க?"

அவன் ஹெட்போனை நீட்டினான். அண்ணி சிரித்துக்கொண்டே மாட்டிக்கொண்டார். பதினோரு விநாடி. சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

"இது மாடிப்படியில அக்காகிட்ட பேசினது."

"ஆமா அண்ணி."

"மைக்கை நீ கழட்டலியா?"

"மறந்துட்டேன்."

"கழட்ட மறந்தே, சரி. கேட்டதுக்கப்புறம்?"

"படத்துல ஒட்டிட்டேன் அண்ணி," என்றான். வெட்டித் தள்ளிய துணுக்குகள் காலைச் சுற்றிக் கிடந்தன.

"மூணு மாசம் தூக்கமில்ல தம்பி. அஞ்சு நிமிஷம் கழிச்சு எந்திரிக்கலாம்னு நெனச்சேன். அஞ்சே நிமிஷம்." அண்ணியின் குரல் தாழ்ந்தது. "உங்க அண்ணன் என்னைத் தேத்தினாரு தெரியுமா? 'நீ அசந்து தூங்கிட்டே, உன்மேல என்ன தப்பு'ன்னு. அந்த வார்த்தையை வெச்சுதான் அவர் மூஞ்சியில முழிக்கிறேன்."

"அவரை வரவேண்டாம்னு சொல்லிடுங்களேன்."

"ஏன்னு கேப்பாரே. என்ன சொல்ல?" ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். "அந்த வரியை எடுத்துடு. உன் சிநேகிதன்கிட்டயும் மூச்சு விடாத. அவனுக்கும் அவங்க அம்மாதான்."

"எடுத்துடறேன் அண்ணி. சத்தியமா."

சத்தியம் செய்வது சுலபமாக இருந்தது. விழாச் செயலாளர் கழுத்தில் அட்டையும் கையில் கோப்புமாக நின்றபடியே கையை விரித்துவிட்டார்.

"நடுவர் பார்த்த பிரதிதான் ஓடும் சார். ஒரு ஃபிரேம் மாறினாலும் விருது ரத்து."

"என் விருதை ரத்து பண்ணிக்குங்க."

"உங்களது மட்டும் போகாது, படத்தோட ரெண்டும் போகும். அதுக்கு டைரக்டர் காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும். கூட்டிட்டு வாங்க."

டைரக்டரிடம் என்ன காரணம் சொல்வது?

ஞாயிறு காலை அரங்கம் நிறைந்துவிட்டது. மூன்றாவது வரிசையில் அண்ணன், சலவைச் சட்டையில். பக்கத்தில் அண்ணி. அதற்கடுத்து டைரக்டர், யார் கிடைத்தாலும் கைகுலுக்கிக்கொண்டிருந்தான்.

காது கடைசி வரிசைக்குப் பின்னாலிருந்த ஒலி மேசைக்குப் போனான். ஆபரேட்டர் பழைய தோஸ்த்.

"என் படம் ஓடறப்ப நானே உக்காந்துக்கறேன்டா. கொஞ்சம் ஏத்தி இறக்கணும்."

"விருது வாங்கின கை! தாராளமா உக்காரு சாமி. நான் ஒரு தம் போட்டுட்டு வர்றேன்."

விளக்கு அணைந்தது. படம் ஓடியது. காது திரையைப் பார்க்கவேயில்லை. கண் கடிகாரத்தில், விரல் ஒலியை இறக்கும் குமிழில். பத்து நிமிடம். பதினொன்று. பதினொன்று நாற்பதில் அண்ணி போனை எடுக்கும் சத்தம்.

இறக்கினான்.

அரங்கம் அப்படியே உறைந்தது. ஒரு இருமல்கூட இல்லை. அவன் விநாடிகளை எண்ணினான். மூன்று. நான்கு. தப்பித்தோம்.

ஐந்தாவது விநாடியில் தலையை நிமிர்த்தினான்.

திரையில் அண்ணியின் முதுகு. அதற்குக் கீழே, வெள்ளை எழுத்தில், ஒரு முழ நீளத்துக்கு:

அத்தை கூப்பிட்டாங்கக்கா. எனக்குக் கேட்டுச்சு. தூங்குற மாதிரியே படுத்துக் கெடந்தேன்.

காது கேளாதவர்களும் பார்ப்பதற்காக எல்லாப் படத்துக்கும் வசனத்தை எழுத்தில் போடச் சொல்லியிருந்தது விழாக்குழு. டைரக்டர் உட்கார்ந்து ஒரு சொல் விடாமல் அடித்திருந்தான். அவன் கொடுத்த படத்தைக் காது கண்ணை மூடிக்கொண்டு, கேட்டு மட்டுமே சரிபார்த்திருந்தான். எப்போதும் அப்படித்தான் சரிபார்ப்பான். சத்தம் ஓடியிருந்தால் பாதிப் பேர் எழுத்தைக் கவனித்திருக்க மாட்டார்கள். இப்போது அரங்கத்தில் செய்வதற்கு வேறு வேலையே இல்லை. அத்தனை பேரும் படித்தார்கள்.

அண்ணனும் படித்தார். பிறகு திரையை விட்டு மெல்லப் பக்கத்து நாற்காலியின் பக்கம் திரும்பினார்.

படம் முடிந்ததும் கைதட்டல் ஓயவில்லை. "அந்த மௌனம் இருக்கே!" என்று நடுவர் ஒருவர் ஒலிவாங்கியில் உருகினார். "நாங்க பார்த்தப்போ குரல் இருந்தது. இன்னிக்கு அதையும் எடுத்துட்டு, நம்ம மனசையே பேச வெச்சுட்டாரு!" செயலாளர் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நடுவரே பாராட்டியபின் நாம் என்ன சொல்வது என்பதுபோல் மூடிவிட்டார்.

டைரக்டர் அவனை இழுத்துக்கொண்டு மேடை ஏறினான். "சொல்லாம என்னடா பண்ணினே, பாவி! சூப்பர்டா!"

கையில் கனமாக எதையோ கொடுத்தார்கள். முகத்துக்கு நேரே மைக் வந்தது. "அந்த மௌனத்தைப் பத்தி ரெண்டு வார்த்தை."

மேடையிலிருந்து மூன்றாவது வரிசை இருபதடி தூரம். கைதட்டலில் அங்கே பேசுவது எதுவும் அவனுக்குக் கேட்கவில்லை. பார்க்கத்தான் முடிந்தது. அண்ணன் ஒரே ஒரு சொல் கேட்டார். 'நெஜமா?' என்று உதடு சொன்னது. அண்ணி நடிப்பு என்று சொல்லிவிட்டால் போதும். இத்தனை பேர் நடிப்பென்று நம்பித்தான் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

அண்ணி அப்படிச் சொல்லவில்லை. கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தலையை மேலும் கீழும் அசைத்தார்.

"அது என் தப்பு," என்றான் காது, மைக்கில்.

என்ன அடக்கம் பாருங்கள் என்று அரங்கம் இன்னும் பலமாகத் தட்டியது. அண்ணன் எழுந்தார். வரிசையில் இருந்தவர்களின் முழங்கால்களைத் தாண்டி, யாரையும் பார்க்காமல், நடைபாதையில் இறங்கி வெளியே போனார். அண்ணி உடனே எழவில்லை. மேடையில் நின்ற காதைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் அவன் தாங்கியிருப்பான்.

"அண்ணன் எங்கடா போறாரு?" என்றான் டைரக்டர், போட்டோவுக்குச் சிரித்தபடியே.