ஐந்தே கால் பஸ்

நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் தலைமை எழுத்தரான பாஷ்யம், மனத்தில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறவர் என்று சின்ன காஞ்சிபுரத்தில் பெயர் எடுத்தவர். சொல்வதோடு நிறுத்தாமல் எழுதவும் எழுதினார். காலையில் வரதரைச் சேவித்துவிட்டுத் திரும்பும் வழியில், படிப்பக வாசலில் இருந்த கரும்பலகையில் தினமும் இரண்டு வரி எழுதிவிட்டுப் போவது அவர் வழக்கம்.

‘தறிக்குப் பக்கத்தில் டிரான்சிஸ்டர் எதற்கு? சேலையில் பாட்டையா நெய்யப் போகிறாய்?’ என்று ஒரு நாள் எழுதினார். ‘போனில் நலம் விசாரிப்பவன் வாசலோடு திரும்பிப் போகிற விருந்தாளி’ என்று இன்னொரு நாள். பிரஷர் குக்கர், டெரிலின் சட்டை, சினிமாவுக்கு லீவு போடுகிற குமாஸ்தா என்று எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. எதிரே பழனியின் டீக்கடையில் ஒருவர் உரக்கப் படிக்க, பத்துப் பேர் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைக் காதில் வாங்கிக்கொண்டே, விரலில் சாக்பீஸ் தூளோடு பாஷ்யம் வீட்டுக்கு நடப்பார். யாரையும் பெயர் சொல்லி எழுதுவதில்லை என்பதால் தம் எழுத்து யாரையும் சுடாது என்று அவர் நம்பியிருந்தார்.

தை முகூர்த்தங்களுக்குப் பட்டுச் சேலை போதாமல் சங்கம் திணறிய மார்கழி அது. தறிக்காரர்கள் பகல் வெளிச்சத்தை வீணாக்க மாட்டார்கள். இருட்டிய பிறகுதான் தறியிலிருந்து அறுத்த சேலையை எடுத்துக்கொண்டு சங்கத்துக்கு வருவார்கள். ஆகவே ஐந்து மணிக்குப் பூட்ட வேண்டிய அலுவலகத்தில் பாஷ்யம் ஏழு வரை உட்கார்ந்திருப்பார். அவர் உட்கார்ந்திருந்தால் மற்றவர்களும் உட்கார வேண்டியதுதான்.

அம்சவேணி மட்டும் உட்காரமாட்டாள். பட்டு நூலை நிறுத்துக் கொடுக்கும் வேலை அவளுக்கு. நாலரையிலிருந்தே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்குவாள். ஐந்து அடித்ததும் தராசைத் துடைத்து வைத்துவிட்டு, பெரிய துணிப்பையை மார்போடு அணைத்தபடி ஓட்டமும் நடையுமாகப் போய்விடுவாள். மூன்று மாதம் பிள்ளைப்பேற்று விடுப்பில் இருந்து திரும்பியவள் இப்படிச் செய்வது பாஷ்யத்தின் கண்ணை உறுத்தியது.

ஒரு காலையில் பலகையில் எழுதினார்: ‘கைக்கடிகாரம் கட்டியவர்களுக்கு ஆபீசும் பஸ் ஸ்டாண்டுதான். ஐந்து அடித்தால் எழுந்து ஓட வேண்டியது.’

அன்று பழனி கடையில் கிளம்பிய சிரிப்பு, பத்து மணிக்குள் சங்கத்துக்கும் வந்து சேர்ந்துவிட்டது. காசாளர் பரசுராமன்தான் ஆரம்பித்தான்.

“இன்னாம்மா பஸ் ஸ்டாண்டு, அஞ்சு மணி வண்டி இன்னிக்கு உண்டா?”

அம்சவேணி தராசுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து அடித்தது. அவள் எழுந்திருக்கவில்லை. அன்று மட்டுமல்ல, அதற்குப் பிறகும் எழுந்திருக்கவில்லை. ஏழு மணிக்கு மற்றவர்களோடு சேர்ந்தே கிளம்பினாள். “ரெண்டே வரியில ஒருத்தி திருந்திட்டா, பாத்தியா?” என்று பாஷ்யம் தம் மனைவி மரகதவல்லியிடம் பெருமையாகச் சொன்னார். அவள் ரசத்தை இறக்கி வைத்தாள்.

தை அமாவாசைக்கு முதல் நாள். மறுநாள் விடியற்காலையில் திருப்புட்குழிக் குளத்தில் நீராடித் தர்ப்பணம் செய்ய வேண்டும் என்று பாஷ்யம் அன்று சீக்கிரமே புறப்பட்டு ஐந்தே கால் பஸ்ஸில் ஏறினார். டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். கண்டக்டர் தேவசகாயமோ விசிலைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“யாருக்குப்பா காத்திண்டிருக்கே?” என்று கேட்டார் பாஷ்யம்.

“யாருக்குமில்ல சார், பழக்கதோசம்.” விசிலை ஊதிவிட்டு உள்ளே வந்தான். “ஒரு அம்மா வரும் சார். கைக்கொழந்தைக்காரி. அஞ்சு மணிக்கு வேலை வுட்டதும் ஓடியாரும். அதுக்கோசரம் ரெண்டு நிமிசம் நிறுத்தி வெப்பேன். இப்ப ஒரு மாசமா வர்றதில்ல. கண்ணு மட்டும் அந்தாண்ட போய்க்கினே கீது.”

“வேலையை விட்டுட்டாளா?”

“இல்ல சார். பட்டு சொசைட்டில கீது. எவனோ ஒரு புண்ணியவான் அந்தம்மாவைக் கிண்டல் பண்ணி போர்டுல எழுதிட்டானாம். அதுலேர்ந்து கடைசி பஸ்ஸுதான். இன்னா படிச்சவன் சார் அவன்? காலைல எட்டு மணிக்குப் பால் குடுத்துட்டு வந்த பொம்பளை. சாயங்காலம் ஆனா மாரு கட்டிக்கினு, ரவிக்கை நனைஞ்சி, பையால மறைச்சிக்கினு ஓடியாரும். என் வூட்டுக்காரியும் பெத்தவதானே சார், எனக்குத் தெரியாதா?” டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தான். “அதுவும் எட்டு வருசம் கழிச்சிப் பொறந்தது. இந்தத் திருப்புட்குழிக் கோயில்லதான் வறுத்த பயிறை மடியில கட்டிக்கினு, மொளைச்சாப் புள்ளை பொறக்கும்னு சொல்வாங்களே, மொளைக்குமா மொளைக்குமான்னு வேண்டிக்கினு பெத்த புள்ளை.”

பாஷ்யம் டிக்கெட்டை வாங்கிக்கொண்டார். அந்தப் புண்ணியவான் நான்தான் என்று அவர் வாய் சொல்லவில்லை. மனத்தில் பட்டதைச் சொல்லிவிடுகிற அந்த வாய் திருப்புட்குழி வரை திறக்கவே இல்லை.

அவருக்குத் தெரியாத சங்கதியா அது? பிள்ளைப்பேற்று விடுப்பு மனுவில் கையெழுத்துப் போட்டவர் அவர். பிள்ளை பிறந்த சேதியோடு வந்த கற்கண்டை வாங்கி வாயில் போட்டுக்கொண்டவரும் அவர்தான். எட்டு மைலுக்கு அப்பால் ஒரு பச்சைக் குழந்தை பசியோடு இருக்கிறது என்பதை அந்தக் கையெழுத்தும் கற்கண்டும் அவருக்கு நினைவூட்டவில்லை. மறுநாள் குளத்தில் எள்ளும் தண்ணீரும் இறைத்து முன்னோர் பசியை ஆற்றும்போது மந்திரம் பாதியில் நின்று போய், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

அடுத்த நாள் அம்சவேணியைத் தம் மேஜைக்குக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “கொழந்தை எப்படிம்மா இருக்கான்?” என்று கேட்டார்.

அவள் ஒரு கணம் திகைத்தாள். “இப்பத் தேவலை சார். நாத்தனார் பால்பொடி கரைச்சிப் புட்டில குடுத்தாங்க. ஒத்துக்கல. பத்து நாளா வயித்தால போயி கண்ணெல்லாம் உள்ள போயிடிச்சி. இப்பத் தேறிட்டான். ஆனா எங்கிட்ட வர மாட்டேங்கறான். மாருல வெச்சா மூஞ்சைத் திருப்பிக்கறான்.” கடைசி வார்த்தைகளைத் தரையைப் பார்த்துச் சொன்னாள்.

“நீ அஞ்சு மணிக்கே கிளம்பிடும்மா. நான் எழுதினது தப்பு. நாளைக்கே போர்டுல எழுதிடறேன், தப்பு என்னுதுதான்னு.”

அதைக் கேட்டதும் அம்சவேணியின் முகம் வெளுத்துவிட்டது. “வேணாம் சார். உங்க கால்ல வேணா விழறேன். என்னைப் பத்தி எதுவும் எழுதாதீங்க. நல்லதாக்கூட எழுதாதீங்க.”

அவள் தராசுக்குத் திரும்பிப் போய்விட்டாள். அன்றும் ஏழு மணி வரை இருந்தாள்.

இரவு சாப்பாட்டில் பாஷ்யத்துக்குக் கை ஓடவில்லை. நடந்ததையெல்லாம் மனைவியிடம் சொன்னார்.

“எழுதறதை விடுங்கோ,” என்றாள் மரகதவல்லி. “நீங்க ஏழு மணி வரைக்கும் உக்காந்துண்டு அவளை மட்டும் போன்னா, அவ எப்படிப் போவா? அத்தனை பேர் எதிர்ல அவ ஒருத்தி எழுந்திருக்கணுமே.”

“சேலை வாங்கணுமேடி. தறிக்காரா வேலை முடிச்சுண்டு இருட்டினப்புறம்னா வரா?”

“காலம்பற எட்டு மணிக்குப் போய் வாங்கிக்கோங்கோ. சேலை ஒரு ராத்திரி தாங்கும்.”

மறுநாள் பாஷ்யம் எட்டு மணிக்கே சங்கத்தைத் திறந்து, இனிக் காலையிலேயே சேலை கொண்டுவரும்படி தறிக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பினார். பலகையில் எதுவும் எழுதவில்லை. “என்னா சார், இன்னிக்கு யாரும் மாட்டலையா?” என்று பழனி கேட்டதற்கு, “ஒண்ணும் தோணலைப்பா,” என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

மாலை ஐந்து அடித்தது. பாஷ்யம் பேனாவை மூடி, அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். அமாவாசைக்காகக் கிளம்பிய அந்த ஒரு நாள் தவிர, இருபத்திரண்டு வருஷ உத்தியோகத்தில் அந்த நேரத்தில் அவர் எழுந்ததில்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பியூன் கந்தன், “ஒடம்பு சரியில்லையா சார்? சோடா வாங்கியாரட்டா?” என்று ஓடி வந்தான். “ஒண்ணுமில்லை. மணி ஆயிடுத்து,” என்று சொல்லிவிட்டுப் பாஷ்யம் வெளியேறினார். தெருமுனை வரை போய்த் திரும்பிப் பார்த்தார். பின்னால் ஒருவரும் வரவில்லை.

இரண்டாம் நாள் இரண்டு குமாஸ்தாக்கள் தயங்கித் தயங்கி அவர் பின்னால் வந்தார்கள். அம்சவேணி வரவில்லை. மூன்றாம் நாள் அவர் எழுந்தபோது பரசுராமனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“இன்னா சார், நீங்களும் பஸ் ஸ்டாண்டு ஆயிட்டீங்களா?”

நாலு பேர் சிரித்தார்கள். அந்தச் சொல் எப்படிக் குத்துகிறது என்பது பாஷ்யத்துக்கு அப்போதுதான் தெரிந்தது. காது மடல் சூடேறியது. ஒரு மாதமாக இந்தச் சூட்டோடுதான் அந்தப் பெண் தராசுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாளா?

“ஆமாம்ப்பா,” என்றார். “உத்தியோகத்துல சேர்ந்த நாளிலேயே ஆயிருக்கணும். புத்தி இப்பதான் வந்தது. நீயும் கிளம்பு. உன் ஆம்படையாளுக்கு உன் மூஞ்சி மறந்து போயிருக்கும்.”

இந்தத் தடவை சிரிப்பு பரசுராமன் பக்கம் திரும்பியது. அவனும் சிரித்துக்கொண்டே பெட்டியைப் பூட்டினான். நாற்காலிகள் நகர்ந்தன. அந்தச் சந்தடியில் அம்சவேணி தராசைத் துடைத்து வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு எல்லோருக்கும் நடுவில் வெளியே போனாள். அவளை யாரும் கவனிக்கவில்லை. பாஷ்யம்கூடக் கவனிக்காததுபோல் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

அதன் பிறகு தினமும் ஐந்து மணிக்கு அவள் போனாள். குழந்தை அவளிடம் வந்தானா என்று கேட்கப் பாஷ்யத்துக்கு நாக்கு எழவில்லை. கேட்கிற தகுதி தமக்கு உண்டா என்று தெரியவில்லை. சந்நிதியில் நின்றாலும், தமக்கு மன்னிப்புக் கேட்க அவருக்கு வெட்கமாக இருந்தது. அந்தப் பிள்ளைக்குப் பசி தீர வேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டு வந்துவிடுவார்.

பன்னிரண்டாம் நாள் மாலை அம்சவேணி நூல் பதிவேட்டைக் கையெழுத்துக்குக் கொண்டுவந்து வைத்தாள். வைத்தவள் போகாமல் நின்றாள்.

“நேத்து ராத்திரி குடிச்சான் சார்,” என்றாள் மெதுவாக. “பால் கொஞ்சம்தான் இருக்குது. ஆனா குடிச்சான்.”

பாஷ்யத்துக்குக் கண் கலங்கிவிட்டது. சுவர்க்கடிகாரத்தில் மணி நாலு நாற்பது. “நீ இப்பவே கிளம்பும்மா,” என்றார். “நான் பாத்துக்கறேன்.”

“வேணாம் சார்,” என்றாள் அம்சவேணி. “அஞ்சு மணிக்கே போறேன்.”