நண்பகல்வரை ஒரு சுற்றுவழி

லிடியாவுக்கு மூச்சு வாங்கியதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

கில்லி கில்லி மேட்டுக்கு ஏறும் படிகளில் பாதி தூரம் வந்ததும் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். பதின்மூன்று வருடம் வலென்சியாவில், கடலோரத்தில் இருந்தவள். மலைமேல் இருக்கும் எங்கள் லா பாஸில் பிறந்திருந்தும் அவளுடைய நெஞ்சுக்கு இந்த உயரம் மறந்துபோயிருந்தது. எனக்கு இந்தப் படிகள் ஒரு பொருட்டே அல்ல. நோயெலியாவைத் தோளில் வைத்துக்கொண்டே இதில் ஏறியிருக்கிறேன்.

நோயெலியாவைப் பெற்றவள் லிடியா. வளர்த்தவள் நான். குழந்தைக்கு நான்கு வயதாக இருந்தபோது லிடியா ஆபெலை விட்டுவிட்டு வீட்டு வேலைக்கென்று ஸ்பெயின் போனாள். மறு வருடம் நான் ஆபெலைக் கட்டிக்கொண்டேன். இப்போது நோயெலியா பள்ளியை முடித்துவிட்டாள். அவளைத் தன்னோடு வலென்சியாவுக்கு அழைத்துப்போக லிடியா வந்திருக்கிறாள். நோயெலியா இன்னும் பதில் சொல்லவில்லை.

"ஒரே ஒரு நாள் அவளோட ஊரைச் சுத்திப் பாத்துக்கறேன்" என்று லிடியா கேட்டாள்.

"நீயும் போயிட்டு வா நியேவெஸ். வீட்ல இருந்தா நகத்தைக் கடிச்சே தீத்துடுவே" என்றார் ஆபெல்.

லிடியா தேர்ந்தெடுத்த நாள் ஜனவரி இருபத்துநான்கு, அலசீத்தா திருவிழா. அன்று நண்பகலில் எங்கள் ஊரே விரல் நீளப் பொருள்களைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும். வீடு வேண்டியவர்களிடம் குட்டி வீடு, கார் வேண்டியவர்களிடம் குட்டி கார். பன்னிரண்டு மணி அடிக்கும்போது சாம்பிராணிப் புகை காட்டி ஆசி வாங்கினால் அந்த வருடமே அது பெரிதாகி வீடு வந்து சேரும். தானே வாங்கி வைத்துக்கொள்வதைவிட, நம் மேல் ஆசை உள்ளவர் கையால் கிடைத்தால் நிச்சயம் பலிக்கும் என்பார்கள். நான் ஒரு பல் மருத்துவரிடம் வேலை பார்க்கிறேன். எங்கள் டாக்டரே வருடாவருடம் ஒரு குட்டி நாற்காலியோடு போய் நிற்பார்.

"அவளுக்கு ஒரு சின்னப் பெட்டியும் பாஸ்போர்ட்டும் வாங்கித் தரப்போறேன். சரியா பன்னெண்டு மணிக்கு, என் கையால" என்று லிடியா பேருந்தில் என்னிடம் ரகசியம் போலச் சொன்னாள். அவளுக்கு என்மேல் சந்தேகமே இல்லை. அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

படியிலிருந்து இறங்கி, தேவாலயத்துப் பக்கம் சால்தெனியா வாங்கிச் சாப்பிட்டோம். அந்தப் பணியாரத்தின் உள்ளே குழம்பு தளும்பும். முனையைக் கடித்து உறிஞ்சிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். லிடியா நடுவில் கடித்தாள். குழம்பு முகவாயில் வழிந்து கோட்டில் கொட்டியது.

"ஐயோ, வெளிநாட்டுக்காரி மாதிரி சாப்பிடறீங்களே!" என்று நோயெலியா சிரித்தாள்.

என் மனம் குளிர்ந்தது. 'நீங்க' என்கிறாள். என்னிடம் எப்போதும் 'நீ'தான். ஆனால் மறு கணமே அவள் தன் கைக்குட்டையை எடுத்து லிடியாவின் முகவாயைத் துடைத்தாள். லிடியா கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் காட்டினாள். இருவரும் ஒன்றாகச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு தொண்டையின் ஒரே இடத்திலிருந்து கிளம்பி ஒரே இடத்தில் உடைந்தது. இந்தச் சிரிப்பைப் பன்னிரண்டு வருடமாக என் சமையலறையில் கேட்டிருக்கிறேன். அது எங்கள் வீட்டில் உண்டானது என்று நினைத்திருந்தேன்.

காலையிலிருந்து நோயெலியா எங்கள் இருவரில் யாரையும் 'அம்மா' என்று கூப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பேச வேண்டியிருந்தால் பக்கத்தில் வந்து தோளைத் தொட்டுவிட்டுப் பேசினாள். அந்த ஒரு வார்த்தையை அவள் எங்கோ ஒளித்து வைத்திருந்தாள்.

மணி பதினொன்றரை. குட்டிப் பொருள்கள் விற்கும் சந்தை இருக்கும் பூங்காவுக்கு அங்கிருந்து இறக்கத்தில் நடந்தால் பதினைந்து நிமிடம்.

"போலாமா?" என்றாள் லிடியா.

"தெருவெல்லாம் அடைச்சிருப்பாங்க. கூட்டத்துல நசுங்கிடுவோம். கேபிள் கார்ல போயிடலாம்" என்றேன்.

அவள் ஊரைவிட்டுப் போனபோது கேபிள் கார்கள் கிடையாது. எந்த வண்ண வழி எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியாது. ஊதா வழி மலைமேல் எல் ஆல்தோவுக்கு ஏறும். அங்கிருந்து வெள்ளி வழியில் குறுக்கே போய், மஞ்சள் வழியில் திரும்ப இறங்கி, பிறகு நடக்க வேண்டும். ஒரு மணி நேரம் ஆகும். நான் சொன்னபோது நோயெலியா என்னைப் பார்த்தாள். பிறகு நேரே ஊதா நிலையத்துப் படியில் இறங்கினாள். அவள் பார்த்ததை நான் பார்க்காததுபோலப் பயண அட்டையைத் தேடினேன்.

வரிசை நீளமாக இருந்தது. வண்டி ஏறும்போது மணி பதினொன்று ஐம்பது. எங்களோடு, அகலப் பாவாடையும் தொப்பியுமாக ஒரு சந்தைக்காரியும் ஏறினாள்.

கீழே ஓட்டு வீடுகள் சிறுத்துக்கொண்டே போயின. எதிரே இல்லிமானி பனிமலை வெள்ளையாக நின்றது. லிடியா கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்தாள்.

"சந்தை எந்தப் பக்கம்?"

"எந்தச் சந்தை?" என்றாள் சந்தைக்காரி.

"பெரிய சந்தைங்க. பூங்காவுல நடக்குதே."

"அது கீழயில்ல இருக்கு! நீங்க மேல போறீங்களே. நீங்க ஏறின இடத்துலேருந்து நடந்தா பதினஞ்சு நிமிஷம். யாரு தாயி உங்களை இதுல ஏத்திவிட்டது? நான் மேல போறேன்னா எங்க வீட்டுக்காரர் அங்க குட்டி வீட்டோட நிக்கறாரு. லேட்டா போனா அந்த வீட்டுல என்னைச் சேத்துக்க மாட்டாரு" என்று அவள் தன் நகைச்சுவைக்குத் தானே குலுங்கினாள்.

லிடியா மெதுவாக என் பக்கம் திரும்பினாள். "தெரிஞ்சுதான் கூட்டிட்டு வந்தீங்களா?"

பொய் சொல்ல நேரம் இருந்தது. நான்கைந்து பொய்கள் வரிசையாக வந்து நின்றன.

"ஆமா" என்றேன்.

"அவளுக்குக் குடுக்க எங்கிட்ட இருந்தது இது ஒண்ணுதான் நியேவெஸ். பன்னெண்டு மணிக்கு ஒரு பொம்மைப் பெட்டி. மத்ததெல்லாம் உங்ககிட்டதானே இருக்கு?"

மற்றதெல்லாம் என்றால் என்ன? காய்ச்சல் இரவுகள், பள்ளிக் கட்டணம், பேன் சீப்பு. அதையெல்லாம் எடுத்துக்கொண்டு அந்தச் சிரிப்பை எனக்குக் கொடு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நோயெலியா பேசினாள்.

"எனக்கும் தெரியும். ஊதாவுல ஏறும்போதே தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லலே?" என்றாள் லிடியா.

கீழே மணிகள் அடிக்கத் தொடங்கின. முதலில் ஒரு கோயில், பிறகு எல்லாக் கோயில்களும். பூங்காப் பக்கமிருந்து புகை எழுந்தது.

நோயெலியா ஜாக்கெட் பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தாள். விரல் நீளத் தகரப் பெட்டி, சிவப்பு நிறம். "காலையில நீங்க சால்தெனியா வாங்கிட்டிருந்தப்போ பக்கத்துத் தெருக்கடையில வாங்கினேன்" என்றாள். "ஆனா யாராவது குடுக்கணும்."

லிடியாவின் கை தானாகவே நீண்டது. நோயெலியா அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு பெட்டியை என் மடியில் வைத்தாள்.

"நீ குடும்மா."

அந்த வார்த்தை எனக்குத்தான் வந்தது. கூடவே அந்தப் பெட்டியும். இரண்டையும் பிரிக்க முடியவில்லை. இந்த மணிகள் எப்போதும் ஒரு நிமிடம்தான் அடிக்கும் என்று எனக்குத் தெரியும். பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும், மணி நின்றுவிடும். பெட்டி வெறும் தகரமாகிவிடும். அவள் என்னோடே இருப்பாள்; ஒருவேளை என்னை 'நீங்க' என்று கூப்பிடத் தொடங்குவாள்.

லிடியாவின் கை இன்னும் அந்தரத்தில் நீண்டிருந்தது. சோப்புத் தண்ணீரில் வெளுத்த கை. அதைப் பார்த்துத்தான் நான் முடிவெடுத்தேன். பெரிய மனது எதுவும் இல்லை. நோயெலியா போகத்தான் போகிறாள் என்றால் அந்தக் கையிலிருந்து போகக்கூடாது.

பெட்டியை எடுத்து நோயெலியாவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினேன்.

"இருங்க இருங்க, நனைக்காம எப்படி?" என்று சந்தைக்காரி மடியிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து எங்கள் கைகள்மேல் ஆசியாகச் சாராயம் தெளித்தாள். "நல்ல நேரமா அமையட்டும். எங்க போறே கண்ணு?"

"ஸ்பெயின்."

"அம்மாடி! ஒத்தையாவா?"

"இவங்க இருக்காங்க அங்க" என்று நோயெலியா லிடியாவைக் காட்டினாள்.

லிடியா கையை மடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். அவள் அழுகிறாளா என்று எட்டிப் பார்த்தேன். அழுதாள். மகள் கிடைத்த நாளில், கொடுத்தவள் தான் இல்லை என்று அழுதாள். எனக்கு நிறைவாக இருந்தது. மேல் நிலையம் வரும்வரை அந்த நிறைவு அப்படியே இருந்தது.

கதவு திறந்ததும் நோயெலியாதான் முதலில் இறங்கினாள். பெட்டியை ஜாக்கெட்டுக்குள் போட்டு ஜிப்பை இழுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அவள் நடைக்கு ஈடுகொடுக்க முடியாமல் லிடியாவுக்கு மறுபடியும் மூச்சு வாங்கியது. எனக்கும் வாங்கியது.